மருத்துவமனைக்குள் இருந்தும் எட்டாத சிகிச்சை: அலினி பிமென்டெல் வழக்கு

பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்துபோனால், ஏன் என்று கேட்பவர்களுக்குச் சில பதில்கள் தயாராக இருக்கும். ஊர் தொலைவு, கையில் காசு இல்லை, வீட்டார் விடவில்லை, கடைசி நேரத்தில்தான் கொண்டுவந்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த அலினி டா சில்வா பிமென்டெல் டெய்ஷேராவின் சாவுக்கு இவற்றில் ஒன்றும் சரியாகப் பொருந்தாது. அவருக்கு வயது 28. ரியோ டி ஜெனிரோ பெருநகரை ஒட்டிய ஊரில் இருந்தார். உடல்நலம் எல்லோருடைய உரிமை என்று அரசியல் சாசனமே சொல்லும் நாடு அது. உடம்பு முடியாமல் போனதும் தாமாகவே மருத்துவரிடம் போனார். அப்படியும் ஆறாம் நாள் உயிரோடு இல்லை.

2002 நவம்பரில் நடந்த இந்தச் சாவு, ஒன்பது ஆண்டுகள் கழித்து ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான குழு, அதாவது சீடா குழு, எடுத்த முடிவால் உலகம் அறிந்த வழக்கானது. தடுத்திருக்கக்கூடிய ஒரு தாய் மரணத்துக்கு ஒரு நாட்டு அரசைப் பொறுப்பாக்கி ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு சொன்ன முதல் முடிவு அதுதான். சட்டம் படிப்பவர்கள் இதை அந்தக் காரணத்துக்காகப் படிக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு காரணத்துக்காக. மருத்துவமனையின் வாசலைத் தாண்டிய பிறகும் ஒரு பெண்ணின் சாதாரண சமூக நிலை அவளுக்கும் சிகிச்சைக்கும் நடுவே எப்படி வந்து நிற்கிறது என்பதை மணிக்கணக்கோடு காட்டும் ஆவணம் இதைப்போல அதிகம் இல்லை.

இடம்

அலினி கறுப்பினப் பெண். வசதியில்லாத குடும்பம். திருமணமாகி ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். வசித்த ஊர் பெல்ஃபோர்ட் ரோஷோ. ரியோவுக்கு வடக்கே பைஷாடா ஃப்ளூமினென்சி என்று அழைக்கப்படும் தாழ்நிலப் பகுதியில், உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் நகராட்சி. முன்பு பக்கத்து நோவா இகுவாசுவின் பகுதியாக இருந்து 1990இல் தனியாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்து ஊர்த் தொடர்பு பின்னால் தேவைப்படும்.

பிரேசிலின் 1988 அரசியல் சாசனம் உடல்நலம் எல்லோருடைய உரிமை, அரசின் கடமை என்கிறது. அதன்படி உருவானதுதான் சூஸ் எனப்படும் ஒருங்கிணைந்த சுகாதார அமைப்பு. அரசு மருத்துவமனைகள் போதாத இடங்களில் தனியார் மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுத்து அந்தச் சேவையை வாங்கிக்கொள்ள அதில் வழி உண்டு. அலினி போனதும் பெல்ஃபோர்ட் ரோஷோவில் இருந்த ஒரு தனியார் மையத்துக்குத்தான்.

அந்த ஆறு நாட்கள்

நவம்பர் 11. ஆறாம் மாதக் கர்ப்பம். கடுமையான குமட்டல், வயிற்றுவலி. மையத்தின் மகப்பேறு மருத்துவர் குமட்டலுக்கு மருந்தும், பி12 வைட்டமினும், பிறப்புறுப்புத் தொற்றுக்கு மேலே போடும் மருந்தும் எழுதித் தந்தார். ரத்தமும் சிறுநீரும் 13ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆறாம் மாதத்தில் கடும் வயிற்றுவலி என்று வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது வயிற்றிலுள்ள குழந்தை எப்படி இருக்கிறது என்பதை. அன்றே அவசரமாகப் பரிசோதனை செய்யாததைத்தான் குழுவும் பிற்பாடு முதல் தவறாகக் குறித்தது.

13ஆம் தேதி வரை அலினியால் காத்திருக்க முடிந்ததே தவிர உடம்பு காத்திருக்கவில்லை. அன்று காலை அம்மாவோடு சீக்கிரமே போய், பரிசோதனைக்கு முன்னால் மருத்துவர் ஒருமுறை பார்ப்பாரா என்று கேட்டார்கள். 8.25க்கு உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். இன்னொரு மருத்துவர் பார்த்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை. 11 மணிக்கு எடுத்த ஸ்கேன் அதை உறுதிசெய்தது. மதியம் 2 மணி வாக்கில் பிரசவத்தைத் தூண்ட மருந்து கொடுத்தார்கள். இரவு 7.55க்கு 27 வாரக் குழந்தை இறந்து பிறந்தது. உடனேயே அலினிக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது.

குழந்தை பிறந்தால் நஞ்சுக்கொடி பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். தங்கிப்போனால் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கருப்பை சுருங்காது, உதிரப்போக்கு நிற்காது, தொற்றும் சேரும். இது மகப்பேறு மருத்துவத்தின் பாலபாடம். அலினியின் கருப்பையில் தங்கியிருந்த நஞ்சுத் துண்டுகளை அகற்றும் அறுவை நடந்தது பிரசவம் முடிந்து சுமார் 14 மணி நேரம் கழித்து, மறுநாள். அதற்குப் பிறகும் உதிரம் நிற்கவில்லை. ரத்த வாந்தி, குறைந்த ரத்த அழுத்தம், எதையும் விழுங்க முடியாத பலவீனம். அன்று அம்மாவும் கணவரும் பார்க்க வரவில்லை. காரணம், தொலைபேசியில் கேட்டபோது நன்றாக இருக்கிறார் என்று மையம் சொல்லியிருந்தது.

15ஆம் தேதி மூச்சுவிடவே சிரமப்பட்டார். வயிற்றில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், அங்கே ரத்தம் இல்லை. பிராணவாயு, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஏறியது. அப்போது மருத்துவர்கள் அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் இந்த வழக்கின் சமூகக் கதை மொத்தமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கர்ப்பகாலத்தில் மருத்துவரையே பார்க்காத பெண்ணுக்கு வரும் அறிகுறிகள் மாதிரி இருக்கின்றன. நான்கு நாள் முன்பு அதே மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப்போனவரைப் பற்றிய பேச்சு இது. பிற்பகல் 1.30க்கு, அவருடைய கர்ப்பகாலப் பதிவேட்டைக் கொண்டுவரும்படி அம்மாவையே கேட்டார்கள். மையத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரத்தம் ஏற்ற வேண்டும், பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்றானது. அரசு, தனியார் இரண்டு பக்கமும் விசாரித்ததில் நோவா இகுவாசு பொது மருத்துவமனையில் மட்டும் இடம் இருந்தது. அதனிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அந்த நேரத்தில் அதை அனுப்ப முடியாது என்று மருத்துவமனை மறுத்துவிட்டது. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றை ஏற்பாடு செய்யக் குடும்பத்தால் முடியவில்லை. எட்டு மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசி இரண்டு மணி நேரம் அலினி கோமாவின் அறிகுறிகளோடு கிடந்தார். போக வேண்டியிருந்தது பக்கத்து ஊருக்கு.

இரவு 9.45க்குப் போய்ச் சேர்ந்தபோது உடல் குளிர்ந்திருந்தது. உடல் முழுக்க ரத்தம் உறையும் ஒழுங்கே குலைந்துபோன நிலை. ரத்த அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கி, உயிர்மீட்புச் சிகிச்சை கொடுக்க வேண்டியதாயிற்று. படுக்கை காலியில்லாததால் அவசரப் பிரிவின் நடைபாதையில் தற்காலிகமாக ஓர் இடம் ஒதுக்கினார்கள். கூட வந்த மருத்துவர்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுவரவில்லை, வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொன்னதோடு சரி. மறுநாள் அம்மா வந்தபோது மகளின் வாயிலும் உடையிலும் ரத்தம் இருந்தது. அந்த நிலையில் அம்மாவைத்தான் பெல்ஃபோர்ட் ரோஷோவுக்குத் திருப்பி அனுப்பிக் குறிப்புகளை வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே, எதற்கு வேண்டும் என்று விசாரித்துக் காக்க வைத்தார்கள்.

நவம்பர் 16, மாலை 7 மணிக்கு அலினி இறந்தார்.

எங்கே தடைப்பட்டது

தாய் மரணங்களை ஆராய்பவர்கள் அடிக்கடி எடுத்தாளும் ஒரு சட்டகத்தை 1994இல் செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் முன்வைத்தார்கள். தாமதங்கள் மூன்று: சிகிச்சை தேவை என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில் ஒன்று, போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. சமூகக் காரணங்கள் என்றதும் பெரும்பாலான திட்டங்கள் முதல் இரண்டைத்தான் நினைக்கின்றன. பெண்களின் கல்வி, கணவரின் அனுமதி, சாலை, பயணச் செலவு. மூன்றாவதை நிர்வாகக் கோளாறு, ஊழியர் பற்றாக்குறை என்று தனியே ஒதுக்கிவிடுவது வழக்கம்.

அலினியிடம் முதல் தாமதம் இல்லை. வீட்டிலிருந்து மையத்துக்குப் போவதிலும் தாமதம் இல்லை. எல்லாத் தாமதமும் மருத்துவத்தின் கைக்குள் வந்த பிறகு நடந்தது. மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிய இரண்டு நாள், நஞ்சு தங்கிய 14 மணி நேரம், ஆம்புலன்ஸுக்காக எட்டு மணி நேரம். இவற்றை நிர்வாகக் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும், காத்திருக்க வைத்தால் எதிர்க்கேள்வி வராத ஒருவர்தான் காத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அலினி வலி என்றதை மருத்துவர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதில் தொடங்குகிறது அது. ஏழைப் பெண், கறுப்பினப் பெண் என்றால் பரிசோதனைக்குப் போகாமலே இருந்திருப்பார் என்ற முன்முடிவு, காணாமல்போன காகிதத்தை மையத்தின் தவறாகப் பார்க்காமல் நோயாளியின் குணமாகப் பார்க்க வைக்கிறது. பிரேசிலில் கர்ப்பிணிகள் தம் பரிசோதனை விவரம் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருப்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதே குடும்பத்தின் அலைச்சலை நம்பித்தான் என்றால், வண்டி வைத்திருப்பவர், வேலைக்கு விடுப்பு கிடைப்பவர், அதட்டிக் கேட்கத் தெரிந்தவர் ஆகியோரின் மகளுக்குக் குறிப்பு சீக்கிரம் வந்துவிடும். அலினியின் அம்மா தபால்காரர் போல இரு ஊருக்கும் அலைந்தார். மகள் இறந்த மறுநாளும் ஆவணங்களுக்காக மீண்டும் மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தை பல நாட்களாகவே வயிற்றில் இறந்து கிடந்தது, அதனால்தான் தாயும் இறந்தார் என்ற விளக்கத்தை அங்கே அப்போதுதான் கேட்டார்.

கூடவே ஒருவர் இருந்திருந்தால்? 14ஆம் தேதி தொலைபேசியில் வந்த அந்த ஆறுதல் வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. பிரசவ வார்டில் உறவினர் உட்கார்ந்திருப்பதை இடைஞ்சலாகப் பார்க்கும் மருத்துவமனைகள் நிறைய. கட்டில் ஓரத்தில் இருக்கும் அம்மாதான் துணி நனைவதை முதலில் பார்ப்பார், செவிலியரைக் கூப்பிடுவார். பிரேசிலில் 2005இல் 11.108 என்ற சட்டம் வந்து, சூஸ் அமைப்பின்கீழ் பிரசவிக்கும் பெண் தான் விரும்பும் ஒருவரைப் பிரசவத்தின்போதும் அதற்குப் பிந்தைய உடனடிக் காலத்திலும் கூட வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது. 2007இன் 11.634ஆம் சட்டம், எந்த மருத்துவமனையில் பிரசவம் நடக்கும் என்பதைக் கர்ப்பிணி முன்கூட்டியே அறியவும் அதோடு இணைக்கப்படவும் உரிமை கொடுத்தது. வலி எடுத்தபின் படுக்கை தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதற்கு அந்த நாட்டில் புனித யாத்திரை என்று பொருள்படும் ஒரு கசப்பான பெயரே உண்டு. 192 என்ற எண்ணில் அழைக்கும் தேசிய அவசர ஆம்புலன்ஸ் சேவை 2003இல்தான் வடிவம் பெறத் தொடங்கியது. மூன்றும் அலினிக்குப் பிந்தியவை.

அரசு சொன்ன பதில்

குடும்பம் 2003 பிப்ரவரி 11 அன்று இழப்பீடு கேட்டு உள்நாட்டு நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டது. அது ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. அப்புறம் 2007 நவம்பரில், இனப்பெருக்க உரிமைகளுக்கான ஓர் அமெரிக்க அமைப்பும் பிரேசிலின் ஒரு சட்ட உரிமை அமைப்பும் அம்மாவின் சார்பில் சீடா குழுவிடம் முறையிட்டன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சீடா உடன்படிக்கையின்கீழ் தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் விருப்ப நெறிமுறையை பிரேசில் ஏற்றது 2002 ஜூனில், அமலுக்கு வந்தது செப்டம்பரில். அலினி இறப்பதற்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை. கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது.

அரசின் வாதங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. முதலாவது, இது தாய் மரணமே இல்லை என்பது. பிரேதப் பரிசோதனை செரிமானப் பாதையில் ஏற்பட்ட ரத்தக்கசிவைக் காரணமாகச் சொல்லியிருந்தது, அதனால் கர்ப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையோ, கர்ப்பத்தின்போது அல்லது அது முடிந்து 42 நாட்களுக்குள், கர்ப்பத்தாலோ அதற்கு அளித்த சிகிச்சையாலோ உண்டான அல்லது மோசமான எந்தக் காரணத்தால் இறந்தாலும் அது தாய் மரணம் என்கிறது. அலினி குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்தார். இந்த வாதத்தை வக்கீல் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. சான்றிதழில் இப்படி எழுதப்படும் ஒவ்வொரு சாவும் தாய் மரணக் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது, கணக்கில் இல்லாத சாவுக்கு யாரும் விசாரணைக் கூட்டம் போடுவதில்லை. அந்த மரணம் மகப்பேற்றுச் சிக்கலோடு தொடர்புடையதே என்று குழு தெளிவாகச் சொன்னது.

இரண்டாவது வாதம், தவறு தனியார் மையத்துடையது என்பது. சேவையை வெளியாருக்கு ஒப்படைத்தாலும், அந்த நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதற்கு அரசே நேரடிப் பொறுப்பு, ஒழுங்குபடுத்துவதும் கண்காணிப்பதும் அதன் கடமை என்று குழு பதில் சொன்னது. பொதுச் சுகாதாரத்தைத் தனியார் கைக்கு மாற்றும் எல்லா நாடுகளுக்கும் இது பொருந்தும். என் பார்வையில் இந்த முடிவின் மிகப் பயனுள்ள பகுதியும் இதுதான்.

பாகுபாடு பற்றி அரசு, அதற்கு ஆதாரம் இல்லை என்றது. யாரும் அலினியின் நிறத்தைச் சொல்லித் திட்டவில்லை, சரி. சீடா உடன்படிக்கையின் முதல் பிரிவு நோக்கத்தை மட்டும் கேட்பதில்லை, விளைவையும் கேட்கிறது. விளைவில் வேறுபாடு இருந்தால் போதும். அம்மாவின் முறையீடு சொன்ன வெவ்வேறு காரணிகள் ஒன்றுசேர்ந்து அவசரச் சிகிச்சை கிடைக்காமல் போனதற்கு வழிவகுத்திருக்கலாம் என்று அரசே தன் பதிலில் ஒப்புக்கொண்டிருந்தது. பெண் என்பதால் மட்டுமின்றி ஆப்பிரிக்க வம்சாவளி, பொருளாதார நிலை ஆகியவற்றாலும் அவர் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று 2011 ஜூலை 25 அன்று குழு முடிவு செய்தது. அலினியின் அம்மாவுக்கும் அலினியின் மகளுக்கும் இழப்பீடு, எல்லோருக்கும் எட்டக்கூடிய அவசர மகப்பேற்றுச் சிகிச்சை, ஊழியர் பயிற்சி, தனியார் மையங்கள் மீது கண்காணிப்பு, விதி மீறுபவர்களுக்குத் தண்டனை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது.

ஒருவர் கதைதானா?

ஒரு வழக்கை வைத்து நாடே இப்படித்தான் என்று சொல்லக் கூடாது. முடிவு வந்த அதே காலத்தில், 2011-12இல், பிரேசில் முழுக்கச் சுமார் 24,000 தாய்மார்களைச் சேர்த்து 'பிரேசிலில் பிறத்தல்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதன் தரவை நிறவாரியாகப் பிரித்துப் பார்த்த கட்டுரை 2017இல் வெளியானது. கல்வி, வருமானம் போன்றவற்றில் ஒத்த பெண்களை ஒப்பிட்டும், கறுப்பினப் பெண்களுக்குக் கர்ப்பகாலக் கவனிப்பு குறைவாக இருப்பதும், எங்கே பிரசவம் என்று தெரியாமல் அலைவதும், துணைக்கு ஆளில்லாமல் இருப்பதும் அதிகமாகத் தெரிந்தது. பிறப்புவாயில் வெட்டுப் போடும்போது மரத்துப்போக ஊசி போடாமல் விடுவதுகூட அவர்களுக்கே கூடுதல். நிறத்துக்குத் தகுந்தபடி வலி தாங்கும் சக்தி மாறும் என்ற பழைய நம்பிக்கை வார்டுகளில் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

அதே நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. ஆக அறுவை அரங்குகளும் மருத்துவர்களும் இல்லாத நாடு என்று சொல்ல வழியில்லை. தேவையில்லாதவருக்குக் கத்தி, தேவைப்பட்டவருக்கு 14 மணி நேரக் காத்திருப்பு. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அறிக்கைகளில் இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல சராசரியாகிவிடும்.

பிறகு நடந்தவை

முடிவு வந்த 2011இல் பிரேசில் அரசு நாரை வலையமைப்பு என்று பொருள்படும் தாய்சேய் நலத் திட்டத்தை அறிவித்தது. குடும்பத்துக்கான இழப்பீடு அம்மாவின் கைக்கு வந்தது 2014இல். கோவிட் காலத்தில் தாய் மரணங்கள் கிடுகிடுவென ஏறி 2021இல் உச்சம் தொட்டன. பிறகு இறங்கினாலும், 2022 கணக்கில் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பெண்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

2024 செப்டம்பரில் பழைய திட்டத்தை மாற்றியமைத்து அலினி வலையமைப்பு என்று பெயர் சூட்டினார்கள். அறிவிப்பு நடந்த இடம் பெல்ஃபோர்ட் ரோஷோ. 2027க்குள் தாய் மரணங்களை 25 சதவீதமும், கறுப்பினப் பெண்களிடையே 50 சதவீதமும் குறைப்பது இலக்கு.  கறுப்பினப் பெண்களுக்கு இது தனி எண் வைக்கிறது. கர்ப்பிணிகளை மாற்றும்போது ஆம்புலன்ஸையும் படுக்கையையும் ஒரே இடத்திலிருந்து ஒருங்கிணைக்கும் ஏற்பாடும் இதில் உண்டு. காகிதத்தில் பார்த்தால் அந்த எட்டு மணி நேரத்துக்கான நேரடிப் பதில்.

2027இல் இந்தத் திட்டத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் எத்தனை புதிய பிரசவ மையங்கள் கட்டினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இருந்தால் நல்லது. மாற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதிய நேரத்துக்கும் வண்டி புறப்பட்ட நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, அது யார் யாருக்கு எவ்வளவு என்று நிறவாரியாக, ஊர்வாரியாகப் பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அலினியின் வழக்கில் அந்த நேரங்கள் தெரியவந்ததே, ஓர் அம்மா ஆவணங்களை விடாமல் கேட்டு வாங்கியதால்தான்.